சீட்டுக்கவியும் முன்மொழிவு மடலும்

நுழையும்முன்

எழுதத் தெரிந்தவர் பலர். எழுதியதை உரிய இடத்தில் கொண்டு சேர்க்கத் தெரிந்தவர் சிலரே. எந்த இதழிலும் மாதச் சம்பளத்திற்குப் பணியாற்றாமல், பல இதழ்களுக்கும் பதிப்பகங்களுக்கும் எழுதிக் கொடுத்து, அவ்வெழுத்துக்கு உரிய ஊதியத்தைப் பெறுபவரை ‘ஃப்ரீலான்ஸ்’ எழுத்தாளர் என்று இன்று அழைக்கின்றனர். தமிழில் தனித்தியங்கும் எழுத்தாளர் எனலாம். பெயர்தான் புதிது, தொழில் புதிதன்று. அத்தொழிலின் நுட்பத்தையும் இடரையும் புதுவையில் வாழ்ந்த ஒரு பெருங்கவிஞரின் வாழ்க்கைவழி விளக்குகிறது இக்கட்டுரை.

புதுச்சேரியின் ஈசுவரன் தர்மராசா கோயில் வீதியில் ஒரு வீடு இருக்கிறது. பாரதியார் வாழ்ந்த அவ்வீடு இன்று நினைவு இல்லமாகவும் ஆய்வு நூலகமாகவும் விளங்குகிறது. அங்குச் செல்வோர் ஒளிப்படங்களையும் கையெழுத்துப் படிகளையும் கண்டு, பாடல்களை நினைத்துக்கொண்டு திரும்புகின்றனர். அந்த வீட்டில் வாழ்ந்தவருக்கு மாதந்தோறும் அரிசிக்கும் வாடகைக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. பாரதியாரைக் கவிஞராக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். அவர் எழுத்தையே நம்பிக் குடும்பம் நடத்த முயன்ற தொழில்முறை எழுத்தாளருமாவார்.

1904ஆம் ஆண்டு ஜி. சுப்பிரமணிய ஐயரின் ‘சுதேசமித்திரன்’ நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது அவருக்குச் சம்பளம் இருந்தது. பின்னர்ச் ‘சக்கரவர்த்தினி’ என்னும் மாத இதழையும் 1906 முதல் ‘இந்தியா’ வார இதழையும் நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1908இல் ‘இந்தியா’வின் பதிவுபெற்ற ஆசிரியர் கைதுசெய்யப்பட்டார். அடுத்த கைது தமக்கே என்று உணர்ந்த பாரதியார் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். இதழும் புதுச்சேரிக்கு வந்தது. ஆனால், அதன் வாசகர்களோ ஆங்கிலேயர் ஆண்ட பகுதியில் இருந்தனர். அங்கு இதழ் நுழைவதற்கு அரசு தடை விதித்தது. 1910 மார்ச்சு மாதத்தோடு ‘இந்தியா’ நின்றது. அவர் தொடர்புகொண்டிருந்த பிற இதழ்களும் அதையொட்டி ஒவ்வொன்றாக நின்றுபோயின.

அன்றுவரை பிறர் எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருந்தவர் அதன்பின் தம் எழுத்தைப் பிறர் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்திற்கு வந்தார். வயது இருபத்தேழு. மனைவி, இரண்டு பெண்குழந்தைகள். தனித்தியங்கும் எழுத்தாளராக அவர் வாழ்ந்த காலம் இங்கே தொடங்குகிறது.

இதழறிந்து எழுதுதல்

தனித்தியங்கும் எழுத்தாளர் முதலில் கற்க வேண்டியது, ஒவ்வோர் இதழும் ஒவ்வொரு வீடு என்பதை. ஒரு வீட்டில் பேசும் பேச்சு மற்றொரு வீட்டில் எடுபடாது. புதுவைக் காலத்துப் பாரதியாரின் எழுத்துகளை அவை வெளியான இதழ்களோடு பொருத்திப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். சுப்பிரமணிய சிவா நடத்திய ‘ஞானபாநு’ மாத இதழுக்குக் கவிதையும் கதையும் அனுப்பினார். அது சிறிய இதழ். எழுத்தாளருக்கு அதிகம் கொடுக்க இயலாதது. ஆனால், நடத்துபவர் நண்பர், வாசகர்களோ கருத்தொத்தவர்கள். ‘இந்து’ நாளிதழுக்கு ஆங்கிலத்தில் மடல்கள் எழுதினார். அவற்றின் நடை அரசியல் வாதம் புரிபவரின் நடை. உணர்ச்சியைக் குறைத்துச் சான்றுகளை முன்வைக்கும் நடை.

1915இல் ஏ. ரங்கசாமி ஐயங்கார் ‘சுதேசமித்திரன்’ ஆசிரியப் பொறுப்பை ஏற்ற பின்னர், பாரதியாரின் கட்டுரைகளும் கதைகளும் அவ்விதழில் தொடர்ந்து வரத் தொடங்கின. நாளிதழ் வாசகர் காலையில் சிறிது நேரமே படிப்பவர். நீண்ட ஆராய்ச்சியை அவர் விரும்பமாட்டார். அவருக்காகப் பாரதியார் கண்டுபிடித்த உத்திகளுள் ஒன்று ‘தராசு’. கடை ஒன்றில் பேசும் தராசு இருக்கிறது. வருபவர் தம் கருத்தைச் சொல்ல, தராசு அதை எடைபோட்டுத் தீர்ப்புக் கூறுகிறது. இதில் இலக்கிய நயம் உண்டு என்பது ஒருபுறம் இருக்கட்டும். தொழில் நோக்கில் பார்த்தால் இது மிகச் சிறந்த ஏற்பாடு. அரசியல், கல்வி, கவிதை, ஊர்வம்பு ஆகிய எதுவும் அந்தக் கடைக்குள் நுழையலாம். எழுத்தாளருக்குப் பொருள் தீர்வதில்லை. ஆசிரியருக்கு அடுத்த பகுதி எப்படி இருக்கும் என்னும் ஐயம் எழுவதில்லை. வாசகருக்குப் பழகிய இடம் ஒன்று கிடைத்துவிடுகிறது. இன்று ‘பத்தி’ என்று நாம் அழைக்கும் தொடர்ப் பகுதியின் பயன் இதுவே. ஒவ்வொரு முறையும் புதிதாக வாய்ப்புக் கேட்க வேண்டிய நிலையிலிருந்து அது எழுத்தாளரை விடுவிக்கிறது.

ஒரே பெயர் அடிக்கடி வருவது இதழுக்கும் நல்லதன்று, காவல்துறையின் கண்ணில் பட்டவருக்கும் நல்லதன்று. காளிதாசன், சக்திதாசன் முதலிய புனைபெயர்களில் அவர் எழுதியதற்கு இவ்விரண்டும் காரணமாக இருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது. அதே காலத்தில் புதுவையில் அடைக்கலம் புகுந்திருந்த வ.வே.சு. ஐயரும் இவ்வாறே செய்தார். தமிழ்ச் சிறுகதை வரலாற்றில் தவறாமல் பேசப்படும் ‘குளத்தங்கரை அரசமரம்’, 1915இல் சென்னையிலிருந்து வெளிவந்த ‘விவேகபோதினி’ இதழில் அவர் மனைவி பாக்கியலட்சுமி அம்மாளின் பெயரில்தான் அச்சேறியது.

அஞ்சல் என்னும் நூலிழை

புதுவையில் இருந்தவருக்கும் சென்னையில் இருந்த ஆசிரியர்களுக்கும் இடையே இருந்தது அஞ்சல் ஒன்றுதான். புதுச்சேரியில் ஆங்கிலேய இந்திய அரசின் அஞ்சலகமும் இயங்கியது. நாடுகடந்து வந்த தேசபக்தர்களின் மடல்கள் பிரித்துப் பார்க்கப்பட்டன. பணவிடைகளும் தப்பவில்லை. கட்டுரை போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தும் ஆசிரியருக்குப் பிடிக்கவில்லையா, பிடித்தும் அனுப்பிய பணம் வழியில் நின்றதா என்று அறிய வழியில்லை. இந்நிலையில் மறுமொழி வராமை மறுப்பு ஆகாது. இதை மாணவர்கள் கருத்தில் கொள்ளவேண்டும். இன்று மின்னஞ்சலை யாரும் பறிமுதல் செய்வதில்லை. ஆயினும், ஓர் ஆசிரியரின் பெட்டியில் நாள்தோறும் குவியும் நூற்றுக்கணக்கான மடல்களுக்கு நடுவே நம் மடல் கண்ணில் படாமலே போகலாம். இரண்டு வாரம் பொறுத்துப் பணிவாக ஒருமுறை நினைவூட்டுவது குற்றமன்று. நினைவூட்டாமல் மனமுடைந்து எழுதுவதையே விட்டுவிடுவோர்தாம் மிகுதி.

படி எடுத்து வைக்காததன் இழப்பும் புதுவையில் நேர்ந்தது. பாரதியாரின் நகைச்சுவைப் படைப்பான ‘சின்னச் சங்கரன் கதை’ முற்றுப்பெறாமலே நமக்குக் கிடைத்திருக்கிறது. அதன் கையெழுத்துப் படி திருட்டுப்போனதாக அக்காலத்தவர் எழுதிவைத்துள்ளனர். அச்சில் எஞ்சியுள்ள பகுதியைப் படிப்பவருக்குத்தான் போனதன் அருமை தெரியும்.

ஒருவருக்கு இரண்டு விண்ணப்பங்கள்

1918 நவம்பரில் பாரதியார் புதுவையை விட்டு வெளியேறினார். கடலூரில் கைதாகிச் சிறையிருந்து, டிசம்பரில் விடுதலையானபின் மனைவியின் ஊராகிய கடையத்திற்குச் சென்றார். புதுவையிலிருந்த பத்தாண்டில் எழுதிக் குவித்தவற்றுள் பெரும்பகுதி அப்போதும் அச்சேறாமல் இருந்தது. வருவாயோ குறைவு. இந்நிலையில் அவர் எட்டயபுரம் சமீன்தாருக்கு 1919ஆம் ஆண்டு இருவேறு வகையில் விண்ணப்பம் செய்தார். இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் கற்பது நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது.

முதலாவது சீட்டுக்கவி. புலவர் ஒருவர் வள்ளலிடம் பொருள் வேண்டிப் பாட்டாகவே மடல் அனுப்பும் மரபு தமிழில் நெடுங்காலம் இருந்தது. இதனை ஓலைத்தூக்கு என்றும் கூறுவர். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியாரின் சீட்டுக்கவிகள் புகழ்பெற்றவை. கேட்பவர் கெஞ்சமாட்டார் என்பது இம்மரபின் தனிச்சிறப்பு. தம் புலமையின் உயர்வை முதலில் முழங்கிவிட்டு, அதன்பின்னரே இன்னது வேண்டும் என்பார். இம்மிடுக்குக்கு வேர் சங்ககாலத்திலேயே இருக்கிறது. அதியமான் தம்மை நேரில் காணாமலேயே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தியைப் புறநானூற்றில் காண்கிறோம். தம் புலமையை அறியாமல் தரும் பொருள் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. பாரதியாரின் சீட்டுக்கவியும் அவ்வழியில் வந்ததே. தமிழ்நாட்டுக்கு இருந்த ஒரு குறை தம்மால் நீங்கிற்று என்னும் பெருமிதத்தோடு அவர் பேசுகிறார். பாட்டாக அது உயர்ந்தது. ஆயினும், அதைப் பெறுபவர் நோக்கில் எண்ணிப் பார்ப்போம். அதில் நிறைந்திருப்பவர் பாரதியார். தமக்கு என்ன வேண்டும் என்பது அதில் இருக்கிறது. சமீன்தாருக்கு என்ன வேண்டும் என்பது அதில் இல்லை.

இரண்டாவது, அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் உரைநடையில் எழுதிய மடல். எட்டயபுர அரச மரபின் வரலாற்றைக் கூறும் ‘வம்சமணி தீபிகை’ என்னும் நூல் கவிகேசரி சாமி தீட்சிதரால் எழுதப்பட்டு 1879இல் வெளியாகியிருந்தது. அந்நூல் கொச்சையான நடையில் பிழைகளோடு இருக்கிறது. அதனைத் திருத்தி இனிய, தெளிந்த தமிழில் நான் அமைத்துத் தருகிறேன் என்பது மடலின் சாரம். இதில் எழுதுபவர் பின்னே நிற்கிறார். வேலை முன்னே நிற்கிறது. பெறுபவருக்கு உரிமையான பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதில் உள்ள குறை ஒன்றைக் காட்டினார். அக்குறையைத் தீர்க்கத் தாம் செய்யப்போவது இன்னது என்று வரையறுத்தார். இன்று உலகெங்கும் இதழாசிரியர்கள் எதிர்பார்க்கும் முன்மொழிவு மடலின் உறுப்புகள் மூன்றும் இதில் அமைந்துவிட்டன.

இரண்டுமே பயன் தரவில்லை. சிறந்த மடல் எழுதினால் வேலை கிடைத்தே தீரும் என்று கூறும் கையேடுகள் இவ்விடத்தில் வாய்மூட வேண்டியிருக்கும். ஆங்கில அரசின் சினத்துக்கு ஆளான ஒருவரைச் சமீன் ஒன்று வெளிப்படையாக ஆதரிப்பது அன்று எளிதன்று. எனினும், சீட்டுக்கவியைப் புறக்கணிப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. உரைநடை மடலை மறுப்பதற்குச் சமீன்தார் சிறிதேனும் எண்ணிப் பார்த்திருக்கவேண்டும். ஒரு முன்மொழிவால் இயல்வது அவ்வளவே. கதவைத் தட்டி, உள்ளிருப்பவரை எழுந்து வரச் செய்யலாம். திறப்பது அவர் உரிமை.

இன்று எழுதும் மடல்

இதனை இன்றைய நிலைக்குப் பொருத்திப் பார்ப்போம். புதுச்சேரியில் பதினோராம் வகுப்பு பயிலும் மாணவி ஒருவர் ஒரு வார இதழுக்கு எழுத விரும்புகிறார் என்று கொள்வோம். “எனக்குச் சிறுவயது முதலே எழுத்தில் ஆர்வம் மிகுதி. பல போட்டிகளில் பரிசு பெற்றுள்ளேன். வாய்ப்பளித்தால் எந்தத் தலைப்பிலும் எழுதுவேன்” என்று மடல் எழுதுகிறார். இது சீட்டுக்கவியின் வழிவந்தது. கவி மட்டும் இல்லை. எந்தத் தலைப்பிலும் எழுதுவேன் என்பவரிடம் எந்தத் தலைப்பைக் கொடுப்பது என்று எண்ணும் வேலையை ஆசிரியரே செய்யவேண்டியிருக்கிறது. அவருக்கு அதற்கு நேரமில்லை.

அம்மாணவி இவ்வாறு எழுதலாம்: “வில்லியனூர்ச் சுடுமண் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. மழைக்காலத்தில் மண் காயாது, சூளை எரியாது. அம்மாதங்களில் அக்கைவினைஞர் குடும்பங்கள் எவ்வாறு வாழ்கின்றன என்பது பற்றி எண்ணூறு சொற்களில் கட்டுரை ஒன்று எழுத விரும்புகிறேன். மூன்று குடும்பத்தாருடன் பேசியுள்ளேன். என் வீடு வில்லியனூரிலேயே இருப்பதால் சூளை ஏற்றும் நாளில் நேரில் சென்று ஒளிப்படம் எடுக்க இயலும். ஐப்பசி தொடங்குமுன் கட்டுரையை அனுப்பிவைப்பேன்.”

‘வில்லியனூர்ச் சுடுமண் கலை’ என்பது தலைப்பு மட்டுமே. அதை யாரும் எழுதலாம். பலர் எழுதியும் இருப்பர். ‘மழைக்காலத்தில் என்ன செய்கிறார்கள்’ என்பது வினா. வினா இருக்கும் இடத்தில்தான் கட்டுரை பிறக்கும். ஏன் இப்போது, ஏன் இவர், எவ்வளவு நீளம், என்றைக்குள் என்பன எல்லாம் ஐந்தாறு வரிகளில் ஆசிரியருக்குத் தெரிந்துவிடுகின்றன. மடலுக்கு முன்பாகச் செய்யவேண்டிய பணி ஒன்று உண்டு. அவ்விதழின் அண்மை வெளியீடுகள் நான்கையேனும் முழுமையாகப் படித்து, இதே பொருள் அதில் வந்துள்ளதா, இத்தகைய கட்டுரைக்கு அதில் இடமுண்டா என்று அறியவேண்டும். இதைச் செய்யாமல் அனுப்பப்படும் மடல்களை முதல் வரியிலேயே ஆசிரியர்கள் கண்டுகொள்வர்.

கட்டுரையும் கதையும் மட்டுமே இத்தொழில் என்று எண்ணிவிடக் கூடாது. மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம், ஆவணப்படங்களுக்கு உரை எழுதுதல், திரைப்படங்களுக்குத் துணைத்தலைப்பு அமைத்தல் முதலியனவும் இதில் அடங்கும். பிரெஞ்சும் தமிழும் ஆங்கிலமும் ஒரே தெருவில் புழங்கும் புதுவையில் வளர்பவருக்கு இவற்றுள் முதலாவது இயல்பாகவே கைவரக்கூடியது. இவ்வூரில் பிறந்த பிரபஞ்சன், பெரிய வார இதழ்களில் சிலகாலம் பணியாற்றி, அவற்றைவிட்டு வெளியேறி, முழுநேர எழுத்தாளராகவே வாழ்ந்தவர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக் காலத்துப் புதுவையைக் களமாகக் கொண்ட ‘வானம் வசப்படும்’ புதினத்துக்காக 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். சொந்த ஊரின் பழைய தெருக்களே அவருக்கு முதலாக இருந்தன.

நாற்பது நூல்களின் கணக்கு

பாரதியாரிடம் மீள்வோம். ஆசிரியர்களும் வள்ளல்களும் கைகொடுக்காதபோது பொதுமக்களிடமே நேராகச் செல்வது என்று அவர் முடிவுசெய்தார். தம் கையெழுத்துப் படிகளை நாற்பது நூல்களாக வெளியிடப்போவதாக 1920இல் ஓர் அறிக்கை விடுத்தார். ஒவ்வொரு நூலும் 10,000 படிகள். மொத்தம் 4,00,000 படிகள். அச்சுச் செலவு, விளம்பரச் செலவு, எதிர்பார்க்கும் ஊதியம் ஆகியவை கணக்கிடப்பட்டிருந்தன. நண்பர்கள் நூறு ரூபாய்க்குக் குறையாமல் கடனாக உதவினால், வட்டியோடு திருப்பித் தருவதாகவும் உறுதியளித்தார். தீப்பெட்டியையும் மண்ணெண்ணெயையும்விட எளிதாகத் தம் நூல்கள் வீடுதோறும் சென்று சேரும் என்று நம்பினார்.

இதனைக் கவிஞரின் கற்பனைக் கணக்கு என்று சிரித்து ஒதுக்குவோர் உண்டு. அது சரியன்று. குறைந்த விலை, மிகுந்த படி, முன்கூட்டியே திரட்டிய முதல், தனியே ஒதுக்கிய விளம்பரப் பணம் ஆகிய நான்கும் பதிப்புத் தொழிலின் அடிப்படைகள். அவர் கணக்கில் பிழையில்லை, காலம்தான் முதிர்ந்திருக்கவில்லை. வேண்டிய பணம் சேரவில்லை. திட்டம் நின்றது. அதற்கு முன்பு அவருடைய நூல்கள் அச்சேறியதெல்லாம் தனிமனிதர் சிலரின் அன்பினால்தான். ‘கண்ணன் பாட்டு’ 1917இல் நூலாக வெளிவந்தது பரலி சு. நெல்லையப்பரின் முயற்சியால். எழுத்தாளரின் மதிப்பை உணர்ந்து, அவர் கேட்குமுன் தாமே வரும் இத்தகைய பதிப்பாளர் ஒருவர் வாழ்நாளில் கிடைத்தாலும் பெரும்பேறுதான்.

எழுத்து யாருக்கு உரியது?

1920இன் பிற்பகுதியில் பாரதியார் மீண்டும் ‘சுதேசமித்திர’னில் சம்பளத்திற்குச் சேர்ந்தார். 1921 செப்டம்பரில் மறைந்தார். அடுத்த ஆண்டே அவர் மனைவி செல்லம்மாள் ‘பாரதி ஆச்சிரமம்’ என்னும் பெயரில் நூல்களை வெளியிட முற்பட்டார். பின்னர் உரிமை ‘பாரதி பிரசுராலயம்’ நடத்திய உறவினர்களிடம் சென்றது. பாடல்களை இசைத்தட்டில் பதிவுசெய்யும் உரிமையோ தனியே விலைபோய், வணிகர் ஒருவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பன் கைக்கு வந்தது. நாடே பாடிய பாடல்களை மேடையிலும் திரையிலும் பாட ஒருவரிடம் இசைவு பெறவேண்டும் என்னும் நிலை ஏற்பட்டது. எதிர்ப்பு வலுக்கவே, 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியாரின் எழுத்துரிமையைத் தனதாக்கிக்கொண்டது. பின்னர் அவ்வெழுத்துகள் பொதுவுடைமையாயின. ஒரு நாட்டில் அரசே தலையிட்டு ஓர் எழுத்தாளரின் படைப்பை மக்களுக்கு உரியதாக்குவது மிக அரிதான நிகழ்ச்சியாகும். அதே நிகழ்ச்சியை மறுபுறமிருந்தும் பார்க்கவேண்டும். உயிரோடிருந்தபோது அச்சிட ஆளில்லாத எழுத்து, முப்பதாண்டு கழிவதற்குள் பலர் உரிமை கோரும் சொத்தாகியிருந்தது.

ஆகையால், முன்மொழிவு ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் எழுத்தாளர் மறந்துவிடக்கூடாத செய்திகள் சில உள்ளன. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, தனித்தியங்கும் எழுத்தாளர் எழுதியதன் முதல் உரிமையாளர் அவரே. இதழில் சம்பளத்திற்குப் பணியாற்றுபவரின் எழுத்தை இதழ்களில் வெளியிடும் உரிமை, வேறு உடன்படிக்கை இல்லாதபோது, இதழின் உரிமையாளரைச் சேரும். நூலாக்குதல் போன்ற பிற உரிமைகள் எழுதியவரிடமே இருக்கும். உரிமையைப் பிறருக்கு மாற்றிக்கொடுப்பது எழுத்துவடிவில் கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று அதில் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு என்றும், எந்த நிலப்பகுதிக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் பொருள்கொள்கிறது. எழுத்தாளர் மறைந்தபின் அறுபது ஆண்டு வரை அவ்வுரிமை அவர் வழியினருக்கு உண்டு.

கட்டுரை ஏற்கப்பட்டது என்னும் மறுமொழி வந்தவுடன், எவ்வளவு ஊதியம், எப்போது தரப்படும், இதழில் ஒருமுறை வெளியிடுவதற்கு மட்டும் இசைவா, நூலாக்கவும் ஒலிவடிவாக்கவும் சேர்த்தா என்று ஆசிரியரிடம் கேட்கத் தயங்குவோர் பலர். கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்று அஞ்சுகின்றனர். இத்தகைய கேள்விகள் ஆசிரியர்களுக்குப் பழகியவை. விடையையும் அவர்கள் ஒரு வரியில் எழுதிவிடுவர். அந்த மறுமொழியைப் படியெடுத்துக் கட்டுரையின் படியோடு சேர்த்து வைத்துக்கொள்ளவேண்டும்.